திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில், நல்லூர் பக்கம், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். 72 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து பலாலிக்கு, அதாவது யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு, விமானத்தில் போக நினைக்கிறீர்கள். இணையத்தில் தேடினால் ஒரு தளம் 184 கி.மீ., 14 நிமிடம் என்கிறது. இன்னொன்று அதே தூரத்துக்கு 44 நிமிடம் என்கிறது. டிக்கெட்டிலோ ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எது சரி, காலையில் வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினால் மாலை வரவேற்புக்குப் போய்ச் சேரலாம், இதைவிட நாகப்பட்டினத்துக் கப்பல் தேவலையா என்பது கேள்வி.

தூரம் சரிதான். 14 நிமிடம் தப்பு. 44 நிமிடம் கிட்டத்தட்ட சரி, ஆனால் தப்பான வழியில் போய்ச் சரியாக விழுந்த விடை. ஒரு மணி நேரம்தான் நீங்கள் நம்பவேண்டிய கணக்கு. அப்புறம், இந்த மூன்றில் எதுவுமே உங்கள் பயணத்தின் நீளம் இல்லை. உங்கள் பயணம் ஏறக்குறைய ஏழு மணி நேரம்.

தூரத்தை எந்தத் தளமும் இல்லாமல் நீங்களே போட்டுப் பார்க்கலாம். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.765, கிழக்குத் தீர்க்கரேகை 78.710. பலாலி 9.792, 80.070. தெற்கே 0.973 பாகை இறங்கவேண்டும், கிழக்கே 1.360 பாகை போகவேண்டும். அட்சரேகையில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில்தான் 60. நம் ஊர் அட்சரேகைக்கு வரும்போது கொஞ்சம் சுருங்கிவிடும். 10.3 பாகையின் கோசைன் 0.984, அதனால் பெருக்கினால் 1.360 என்பது 1.338 ஆகிறது. இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.654 பாகை. அறுபதால் பெருக்கினால் 99 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., ஆக 184 கி.மீ. உலகம் உருண்டை என்பதெல்லாம் இவ்வளவு சின்னத் தூரத்தில் விடையைத் தொடாது. லண்டனுக்கோ டொரன்டோவுக்கோ போடும்போதுதான் அந்தக் கவலை.

இந்த 184 கி.மீ. எதன் மேலே போகிறது என்று வரைபடத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து தென்கிழக்கே கோடு கிளம்பி, கந்தர்வகோட்டைக்குப் பக்கத்தில் போய், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே பத்து கிலோமீட்டரில் தாண்டி, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கடலில் இறங்கும். சரியாகப் பாதி தூரம் நிலம், பாதி தூரம் பாக்கு நீரிணை. விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போகும் என்று நினைக்கவேண்டாம். சென்னைக் கட்டுப்பாட்டு வான்பரப்பிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டு வான்பரப்புக்குக் கை மாறும்போது, வானில் குறித்து வைத்த புள்ளிகள் வழியாகத்தான் போகவேண்டும். பஸ் புறவழிச்சாலையில் சுற்றுகிற மாதிரி, அதனால் சில கிலோமீட்டர் கூடும்.

இன்னொரு விஷயம் எனக்கு இந்த வரைபடத்தில் ரொம்பப் பிடிக்கும். நாகப்பட்டினமும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நாகப்பட்டினம் திருச்சிக்கு நேர் கிழக்கே 125 கி.மீ. அங்கிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே கடலில் 110 கி.மீ. போனால் காங்கேசன்துறை, கப்பல் போய்ச் சேரும் யாழ்ப்பாணத் துறைமுகம். ஆக, கப்பலில் போகிறவர் கிழக்கே ஒரு கோடு, தெற்கே ஒரு கோடு என்று முக்கோணத்தின் இரண்டு பக்கத்தையும் அளந்துகொண்டு போகிறார். விமானத்தில் போகிறவர் குறுக்கே கர்ணத்தில் போகிறார். கடைசியில் இரண்டு பேரும் இறங்குவது ஒரே இடத்தில். காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் பலாலி விமான நிலையத்துக்கும் நடுவே நேர்கோட்டில் நாலு கிலோமீட்டர்கூட இல்லை.

சரி, நேரத்துக்கு வருவோம். 14 நிமிடம் எப்படி வந்தது? அந்தத் தளங்கள் எல்லாம் ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. சொச்சம் போகும் என்று வைத்துக்கொண்டு, தூரத்தை அதால் வகுத்துவிடுகின்றன. வகுத்தால் 14 நிமிடம். கொஞ்சம் நியாய உணர்வு உள்ள தளம், ஏறவும் இறங்கவும் அரை மணி என்று கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் 44. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: திருச்சி வாசலிலேயே விமானம் 800 கி.மீ. வேகத்தில் பிறந்துவிட்டது என்ற நினைப்பு.

இந்தத் தடத்தில் ஜெட்டே வருவதில்லை. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ நிறுவனம் இதில் ஏ.டி.ஆர். 72 என்ற, விசிறி வைத்த விமானத்தை விடுகிறது. 78 இருக்கை, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடு இருக்கை என்ற தொல்லை கிடையாது. உயரே போய்ச் சமநிலைக்கு வந்தபிறகு மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. போகும். ஏன் ஏர்பஸ் போன்ற பெரிய விமானம் விடக்கூடாது என்று கேட்பார்கள். திருச்சியில் அதற்கு ஓடுபாதை இருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர். பலாலியில் அந்த வகைக்குத் தேவையான நீளம் இப்போது இல்லை.

அப்படியே ஒரு ஜெட் வந்தாலும் உங்களுக்குப் பெரிய லாபம் இருக்காது. விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: இறங்கத் தேவையான தூரம், உயரத்தை ஆயிரம் அடிகளில் எடுத்து மூன்றால் பெருக்கினால் வரும், கடல் மைலில். 35,000 அடியில் பறக்கிற ஜெட் இறங்குவதற்கு மட்டும் 105 கடல் மைல் வேண்டும். திருச்சியிலிருந்து பலாலிக்கு மொத்தத் தூரமே 99. அதாவது ஓடுபாதையை விட்டு எழும்புவதற்கு முன்பே இறங்க ஆரம்பிக்கவேண்டும்! அதனால் எந்த விமானமாக இருந்தாலும் இங்கே பாதி உயரத்துக்குக் கீழேதான் பறந்தாகவேண்டும். குறைந்த உயரத்தில், குறைந்த வேகத்தில், குறைந்த எரிபொருளில் போவதற்கென்றே செய்தது ஏ.டி.ஆர். இந்தத் தடத்துக்கு அதுதான் பொருத்தம்.

ஒரு முறை போகும்போது போர்டிங் பாஸின் பின்பக்கத்தில் நிமிடங்களைக் குறித்துக்கொண்டே போனேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் ஏதோ மந்திரம் எழுதுகிறேன் என்று நினைத்திருப்பார். கதவு சாத்தியதைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டேன். ஆறாவது நிமிடத்தில் விமானம் நகர ஆரம்பித்தது. பதின்மூன்றாவது நிமிடத்தில் சக்கரம் தரையை விட்டது. அன்று மேற்கு நோக்கி எழும்பியதால், பலாலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் அப்புறம்தான் வளைந்தோம். இருபத்தாறாவது நிமிடத்தில் மூக்கு சமமாகி இரைச்சல் தணிந்தது. கீழே பார்த்தால் கரை ஏற்கெனவே பின்னால் போய்விட்டது. முப்பத்திரண்டாவது நிமிடத்தில் இறங்குகிறோம் என்று அறிவிப்பு. நாற்பத்தேழில் தரையிறங்கினோம். ஐம்பத்துமூன்றில் பின்கதவு திறந்தது.

இதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வானில் இருந்தது 34 நிமிடம். அதில் சமநிலையில் முழு வேகத்தில் போனது ஆறே ஆறு நிமிடம். மீதி எல்லாம் ஏறுவதும், இறங்குவதும், வளைவதும். தரையில் உருண்டதும் காத்திருந்ததும் 19 நிமிடம். கதவு சாத்தியதிலிருந்து எண்ணினாலே அட்டவணையின் ஒரு மணிக்கு ஏழு நிமிடம் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தோம். அந்த ஏழு நிமிடம் தற்செயலாகக் கிடைத்ததில்லை. அட்டவணையில் போடும் நேரம், நின்ற இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பிப்பது முதல் அந்தப் பக்கம் போய் நிற்பதுவரையான நேரம். அதில் கொஞ்சம் தளர்வு வைத்துத்தான் போடுவார்கள். முன்னால் ஒரு துபாய் விமானம் ஓடுபாதையில் ஏறினால், இரண்டு நாட்டுக் கட்டுப்பாட்டு அறைகளும் பேசி முடிக்கத் தாமதமானால், அது அந்தத் தளர்வைத் தின்றுவிடும். தாமதம் இல்லாத நாளில் "சீக்கிரம் வந்துவிட்டோம்" என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது வேறு மூன்று தடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். திருச்சி–சென்னை நேர்கோட்டில் 293 கி.மீ.; ஏ.டி.ஆர். விமானத்துக்கு அட்டவணை ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். சென்னை–பலாலி 355 கி.மீ., நம் தடத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டி. திருச்சி–கொழும்பு 417 கி.மீ.; அது ஜெட், அதற்கும் ஒரு மணி நேரம்தான். தூரம் 184, 293, 355, 417 என்று ஏறிக்கொண்டே போகிறது. கடிகாரம் ஒரு மணிக்கும் ஒன்றேகால் மணிக்கும் நடுவிலேயே நிற்கிறது. ஆட்டோவில் ஏறினாலே குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று உண்டல்லவா, அதுபோல விமானத்தில் ஏறினாலே குறைந்தபட்ச நேரம் என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ நாற்பது நிமிடம். அதற்கு மேலேதான் தூரத்தின் மீட்டர் ஓடும். உள்ளூர் விமானத் தடம் எதற்கும் நீங்களே மதிப்பிட வேண்டுமானால் நாற்பது நிமிடத்தை முதலில் எழுதி, ஏ.டி.ஆர். என்றால் நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் கூட்டுங்கள். நம் 184-க்கு 62 வருகிறது. சென்னை–பலாலிக்கு 83. அட்டவணையோடு ஒப்பிட்டால் சில நிமிடம் முன்பின் இருக்கும், பெரிய பிசகு இருக்காது.

காற்றைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு எண் உண்டு. அதைப் பத்தால் பெருக்கினால் திசை. திருச்சி ஓடுபாதை 09/27, அதாவது கிழக்கு மேற்கு. பலாலி 05/23, வடகிழக்கு தென்மேற்கு. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று, யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்கள், வீசும்போது பின்னாலிருந்து தள்ளுகிற காற்று வானில் நமக்குச் சாதகம். ஆனால் அதே காற்றால் திருச்சியில் மேற்கு நோக்கி எழும்பித் திரும்பவேண்டும், நான் மேலே சொன்ன மாதிரி. மார்கழி வாடையில் திருச்சியில் கிழக்கு நோக்கி எழும்பி அப்படியே வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தால் போதும், நேர் பலாலி. ஆனால் வானில் காற்று எதிரே. பலாலிக்கு நாம் போகிற திசையோ அந்த ஓடுபாதைக்குக் கிட்டத்தட்டச் செங்குத்து. எந்தக் காற்று அடித்தாலும் கடைசியில் ஒரு பெரிய திருப்பம் போட்டுத்தான் இறங்கவேண்டும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் காற்று சாதகமாக இருப்பதற்கும் பாதகமாக இருப்பதற்கும் இந்தத் தூரத்தில் மொத்த வித்தியாசம் மூன்று நான்கு நிமிடம்தான். ஒரு முனையில் மிச்சமாவது இன்னொரு முனையில் செலவாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் பயப்படவேண்டியது காற்றுக்கு அல்ல, மழைக்கு. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவானால் சின்ன விமானங்கள்தான் முதலில் தள்ளிப்போகும். கல்யாணம் அந்த மாதங்களில் என்றால் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள்.

இனி உங்கள் நாள். விமானம் பிற்பகல் ஒரு மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்; நேரம் சீசனுக்கு சீசன் மாறும், டிக்கெட்டில் இருப்பதை எடுத்துக் கணக்கைத் தள்ளிக்கொள்ளுங்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். திருவெறும்பூர்வரை தொல்லை இல்லை. அரியமங்கலம் வந்தபிறகு, டி.வி.எஸ். டோல்கேட் தாண்டிப் புதுக்கோட்டை சாலையைப் பிடிக்கும்வரை நெரிசல். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் பேருந்துத் தூரமாக இருந்தாலும் இது வெளிநாட்டுப் பயணம். குடியேற்றம், சுங்கம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் உண்டு. செக்-இன் கவுண்டரைப் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள். எனவே பத்தேகால் மணிக்கு அங்கே இருக்கவேண்டும். அதே நேரத்தை ஒட்டி வளைகுடா நாட்டு விமானமோ சிங்கப்பூர் விமானமோ இருந்தால் குடியேற்ற வரிசை நீளும். 2024-இல் திறந்த புதிய முனையம் விசாலமானது, உட்கார இடம் இருக்கிறது. அம்மாவுக்கு நடை அதிகம் என்பதால் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.

ஆக, காலை எட்டேமுக்காலுக்கு வீட்டில் கிளம்புகிறீர்கள். இரண்டு மணிக்குப் பலாலி. விமானத்திலிருந்து கட்டடத்துக்குக் கொஞ்சம் நடை. சின்ன விமான நிலையம்தான், ஆனால் எழுபது பேரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். அரை மணி முதல் முக்கால் மணி. வெளியே வந்தால் யாழ்ப்பாணம் நகரம் 17 கி.மீ. போல. நல்லூருக்கு வேன் பிடித்தால் முக்கால் மணிக்குள் போய்விடலாம். மூன்றரை மணிக்கு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள். குளித்து, அம்மா ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மாலை வரவேற்புக்குத் தாராளமாகப் போகலாம். மொத்தம் ஆறேமுக்கால் மணி நேரம். அதில் வானில் இருந்தது முப்பத்தைந்து நிமிடம்.

நேர வித்தியாசம் பற்றிக் கவலை வேண்டாம். இப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். 1996-இல் இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி நம் நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுகளில் போய்வந்தவர்கள் சிலர் இன்னும் "அங்கே அரை மணி முன்னே" என்று சொல்வார்கள். கேட்டுக்கொள்ளாதீர்கள்.

கப்பலையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நீங்கள் தஞ்சாவூர். திருச்சிக்கு மேற்கே போய், அப்புறம் கிழக்கே பறந்து வருகிறீர்கள். நாகப்பட்டினம் உங்களுக்குச் சாலையில் இரண்டு மணி நேரம், போகவேண்டிய திசையிலேயே இருக்கிறது. 2023 அக்டோபர் 14-இல் 'செரியபாணி' என்ற கப்பலோடு அந்தச் சேவை தொடங்கியது. சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி வந்தது. கடலில் நாலு மணி நேரம். முன்னதாகத் துறைமுகத்துக்குப் போய் நிற்பது, அந்தப் பக்கச் சோதனை எல்லாம் சேர்த்தால் ஒன்பது பத்து மணி நேரம். காலைக் கப்பல் என்றால் முதல் நாள் இரவே நாகப்பட்டினத்தில் தங்கவேண்டி வரும். விமானத்தின் வேகம் கப்பலைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் வீட்டுக்கு வீடு கணக்குப் போட்டால் மிச்சமாவது மூன்று மணி நேரம். உங்களைப் போன்ற இளவயதுக்காரர் தனியாகப் போவதென்றால் கப்பலில் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொல்வேன். 72 வயது அம்மாவோடு, கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் அது வாரக்கணக்கில் நின்றுபோகும்.

சென்னை வழி? இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, மீனம்பாக்கம் போய், அங்கிருந்து பலாலிக்கு 355 கி.மீ. திருச்சி விமானம் இல்லாத நாளுக்கு அது மாற்று வழி, அவ்வளவுதான். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்க ஆரம்பித்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. அப்போதெல்லாம் டெல்டாக்காரர்களுக்கு வேறு வழி இல்லை, வடக்கே 290 கி.மீ. போய்விட்டு அப்படியே தெற்கே திரும்பவேண்டும். கொழும்பு வழி இன்னும் மோசம். வானில் ஒரு மணி நேரம், அப்புறம் சாலையில் 400 கி.மீ.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் திருச்சி விமானம் என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கு இது புதிது இல்லை. ஏர் சிலோன் காலத்தில் பலாலிக்கும் திருச்சிக்கும் விமானம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் போட்ட ஓடுதளம் அது. பிறகு நடந்த போரில் ராணுவத்தின் கைக்குள் போய், சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகி, மக்கள் வெளியேறி, பல பத்தாண்டுகள் அந்தத் தடமே இல்லாமல் போனது. 184 கி.மீ. மாறவேயில்லை, அதைக் கடக்கக் கொழும்பு சுற்றி இரண்டு நாள் ஆன காலமும் இருந்தது. கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இந்தக் கதையை உங்கள் அம்மாவிடம் கட்டாயம் எடுப்பார்.

இருக்கை விஷயம். ஏ.டி.ஆரில் ஏறும் படி பின்பக்கம், நாலைந்து படிதான், விமானத்தின் கதவிலேயே சேர்ந்திருக்கும். விசிறி முன்பாதியில் இருப்பதால் அங்கே இரைச்சல் அதிகம். அம்மாவுக்குக் கடைசி நாலு வரிசைக்குள் எடுங்கள். நடையும் குறைவு, சத்தமும் குறைவு. இறக்கை தலைக்கு மேலே இருக்கிற விமானம் என்பதால் ஜன்னலிலிருந்து கீழே மறைக்காது. போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கோடியக்கரை மூக்கு கடலுக்குள் நீண்டிருப்பது தெரியும். இறங்கும்போது வலப்பக்கக்காரருக்குக் காரைநகரும் மற்றத் தீவுகளும் கிடைக்கும். உயரம் குறைவாகப் போவதால் பிற்பகல் மேகத்தில் கொஞ்சம் குலுக்கும், சேலம் ரோட்டுப் பஸ் அளவுக்குத்தான். காதடைப்புக்கு வாயில் ஒரு மிட்டாய் போதும்.

மேலே பெட்டி வைக்கும் இடம் சின்னது. வழக்கமான சக்கரப் பெட்டி அதில் நுழையாமல் படியடியில் வாங்கிக்கொள்வார்கள். மருந்து, நகை, கடவுச்சீட்டு மூன்றையும் அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். சீர் சாமானில் கொப்பரைத் தேங்காய் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்று பெட்டியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்று அப்படிப் பிரிந்து, மேலே வைத்திருந்த பட்டுப்புடவை கசங்கி, அந்தக் கோபம் இறங்கும்வரை தணியவில்லை. இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை ஒரு வாரம் முன்பே இணையத்தில் முடித்து, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் அரசுத் தளத்திலேயே பாருங்கள். நல்லூர் வீட்டாரிடம் வேனுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு மணி விமானம் என்று சொல்லாதீர்கள், இரண்டேமுக்காலுக்கு வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.